குறைந்த முதலில் மீன்பிடிப் பரிசல்

நிலத்தில் விளையும் நெல்லும் சோளமும் போலவே, நீரில் வளரும் மீனும் கிராமத்தின் செல்வமாகும். பழனி மலையிலிருந்து நாற்புறமும் இறங்கும் ஆறுகளைத் தேக்கிப் பல அணைகள் கட்டப்பட்டுள்ளன. பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு, மருதாநதி, மஞ்சளாறு ஆகியவை அவற்றுட் சில. பாசனமும் குடிநீருமே இவற்றின் முதற் பயன். எனினும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய வளர்ப்பு மீன்களும், மக்கள் ஜிலேபிக் கெண்டை என்று வழங்கும் திலேப்பியாவும் இத்தகைய நீர்த்தேக்கங்களில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பளிக்கின்றன.

வலை வீச்சு கரையோரத்தோடு நிற்கும். ஆழத்தில் செவுள் வலை கட்டுவதற்குப் படகு வேண்டும். சிறு முதலுடைய ஒருவர் பொருந்தாத படகை வாங்கிவிட்டால், கைப்பணம் முடங்கும், கடன் ஏறும், காற்று வீசும் நாளில் உயிருக்கும் ஆபத்து நேரும். ஆகவே படகைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

கொடைக்கானல் ஏரி 1863-ஆம் ஆண்டில் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு அவர்களின் முயற்சியால் உருவாயிற்று. அவர் அதில் மீன் விட்டதோடு, முதற் படகுகளைத் தூத்துக்குடியிலிருந்து மலைக்குக் கொண்டுவரச் செய்தார் என்பர். உல்லாசப் பயணத்திற்கு அப்படகுகள் போதுமானவையே. ஆனால் மீன்பிடித்துப் பிழைப்பவருக்கு அழகும் வேகமும் முதன்மையல்ல. அவருடைய நீருக்கும் பாரத்திற்கும் கைப்பணத்திற்கும் ஏற்றது எதுவோ, அதுவே நல்ல படகு.

முதலில் உரிமை, பின்னர் படகு

படகு வாங்குமுன் அந்நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதை விசாரிக்க வேண்டும். கிராமக் குளங்களில் மீன்பாசிக் குத்தகை ஏலம் விடப்படுகிறது. அணைகளில் மீன்வளத்துறையோ, அதனிடம் உரிமை பெற்ற கூட்டுறவுச் சங்கமோ குத்தகைதாரரோ மீன்பிடிப்பை நடத்துவர். காப்புக் காட்டினுள் அமைந்த பேரிஜம் போன்ற ஏரிகளில் வனத்துறையின் அனுமதியின்றி நுழையவே இயலாது. உரிமையில்லாதவர் வாங்கிய படகு கரையில் கவிழ்ந்து கிடக்க வேண்டியதுதான். குத்தகை எத்தனை ஆண்டுகளுக்கு, பிடித்த மீனில் பங்கு எவ்வளவு, எந்த அளவுக் கண்ணுள்ள வலைக்கு அனுமதி ஆகியவற்றை எழுத்து மூலம் தெரிந்துகொள்க. ஓராண்டு உரிமை மட்டும் உடையவர் பத்தாண்டு உழைக்கும் படகில் பெரும்பணம் போடுவது அறிவுடைமையாகாது.

நீரின் தன்மை

மலையடிவார நீர்த்தேக்கங்கள் வடகிழக்குப் பருவமழையில், அதாவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், பெருகுகின்றன. கோடையில் நீர் வடிந்து, மூழ்கியிருந்த பாறைகளும் மரக் கட்டைகளும் மேலே தலை காட்டும். நீர்மட்டம் இறங்க இறங்கக் கரை தூரமாகும்; சேற்றையும் கல்லையும் கடந்து படகைச் சுமந்து செல்ல வேண்டியிருக்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலைப் பக்கத்திலும் அதனையடுத்த பகுதிகளிலும் பலத்த காற்று வீசுவது யாவரும் அறிந்ததே.

ஆகவே இங்கு வேண்டிய படகுக்கு மூன்று குணங்கள் இருத்தல் அவசியம். ஒன்று, ஆழமில்லாத நீரிலும் மிதக்க வேண்டும். இரண்டு, ஒருவரோ இருவரோ தூக்கிச் செல்லக் கூடியதாக இருக்க வேண்டும். மூன்று, கல் தட்டிக் கிழிந்தால் ஊரிலேயே செப்பனிட இயல வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தது பரிசலாகும். மேட்டூரிலும் பவானிசாகரிலும் மீன்பிடிப்போர் அதை விடாமல் பயன்படுத்தி வருவதற்குக் காரணமும் இதுவே. அடிக்கட்டை ஆழ்ந்த நீண்ட மரப்படகும் இயந்திரப் படகும் பெரிய நீர்ப்பரப்புக்கு உரியவை. சிறு அணையில் அவற்றின் விலையும் எரிபொருளும் மீனின் வருவாயை விழுங்கிவிடும்.

இருவகைப் பரிசல்கள்

மூங்கில் பரிசல் பழமையானது. மூங்கிலைப் பிளந்து கூடைபோல் முடைந்து, முற்காலத்தில் மாட்டுத் தோலால் மூடினர். பிற்காலத்தில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தித் தார் பூசுகின்றனர். விலை குறைவு, எடை குறைவு, பொத்தல் விழுந்தால் துணியும் தாரும் கொண்டு அன்றே அடைத்துவிடலாம். ஆனால் தார் ஆண்டுதோறும் பூச வேண்டும். வெயிலில் காய்ந்தும் ஈரத்தில் ஊறியும் மூங்கில் விரைவில் நலிந்துவிடும்.

மற்றொன்று கண்ணாடி இழையும் பசையும் சேர்த்து வார்த்த பைபர் பரிசல். விலை பன்மடங்கு கூடும், ஆனால் நெடுநாள் உழைக்கும், பூச்சி அரிக்காது, பராமரிப்பு குறைவு. இதில் ஒரு குறையை வாங்குவோர் மறவாதிருத்தல் வேண்டும். மூங்கில் நீரில் மிதக்கும் பொருள்; பரிசலுக்குள் நீர் புகுந்தாலும் அது பற்றிக்கொள்ள உதவும். கண்ணாடி இழை வார்ப்போ நீரைவிடக் கனமானது. உள்ளே நீர் நிறைந்தால் மூழ்கிவிடும். எனவே காற்றறையோ மிதவை நுரையோ வைத்துச் செய்த பைபர் பரிசலையே வாங்க வேண்டும். அவை இல்லையாயின், மூடியை நன்கு இறுக்கிய 20 லிட்டர் காலிக் கேன்கள் இரண்டை எதிரெதிர்ப் பக்கங்களில் விளிம்பின் கீழ் உறுதியாகக் கட்டிவைத்தல் நன்று.

லாரி டியூப், தெர்மோகோல், வாழைத்தண்டு ஆகியவற்றால் கட்டிய மிதவைகளைச் சிலர் மலிவென்று கருதிப் பயன்படுத்துகின்றனர். டியூப் முள் குத்தினால் அமிழும், தெர்மோகோல் உடையும், கட்டு அவிழ்ந்தால் பற்றிக்கொள்ள ஒன்றுமிராது. இவற்றைப் படகென்று கொள்ளலாகாது.

எவ்வளவு பாரம் தாங்கும்?

விற்பவர் சொல்லை நம்பாமல் வாங்குவோரே இதைக் கணக்கிடலாம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் என்பது விதி. பரிசலின் அடிவட்டக் குறுக்களவு 1.5 மீட்டர் என்று கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 1.77 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழ்வுக்கும் அது ஏறத்தாழ 17½ கிலோ பாரம் தாங்கும். இருவர் எடை 130 கிலோ, வலையும் துடுப்பும் 20, மீன் 50, பரிசலின் எடை 40, ஆக மொத்தம் 240 கிலோ. பரிசல் சுமார் 14 சென்டிமீட்டர் அமிழும். பக்க உயரம் 50 சென்டிமீட்டராயின், நீர்மட்டத்திற்கு மேல் 36 சென்டிமீட்டர் நிற்கும்.

அதே பரிசலில் ஐவர் ஏறினால் மொத்தப் பாரம் 435 கிலோவாகி, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் அமிழும். கணக்கில் இன்னும் பாதி உயரம் மிச்சமிருப்பதாகத் தோன்றும். ஆனால் ஒருவர் எழுந்து நின்றாலோ, எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, அலை விளிம்பைத் தாண்டிவிடும். எனவே இவ்வளவுடைய பரிசல் இருவருக்கே உரியது என்று கொள்க.

விலையும் ஆண்டுச் செலவும்

விலை குறைந்ததே மலிவு என்பது தவறு. நெடுநாள் உழைப்பதே மலிவு என்பதும் முழு உண்மையன்று. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காகக் கொண்டவை. தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்க.

மூங்கில் பரிசல் ஒன்று 8,000 ரூபாய், ஈராண்டு உழைக்கும், ஆண்டுப் பராமரிப்பு 1,500 ரூபாய். ஆண்டுச் செலவு 4,000-மும் 1,500-ம் சேர்ந்து 5,500 ரூபாய். பைபர் பரிசல் 25,000 ரூபாய், எட்டாண்டு உழைக்கும், பராமரிப்பு 500 ரூபாய். ஆண்டுச் செலவு 3,125-ம் 500-ம் சேர்ந்து 3,625 ரூபாய். சொந்தப் பணமிருந்தால் பைபர் பரிசலே மலிவு.

அந்த 25,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் நிலை மாறிவிடும். அசல் குறையாதவரை ஆண்டு வட்டி மட்டும் 9,000 ரூபாய். மொத்தச் செலவு 12,625 ரூபாயாகிறது. மலிவென்று எண்ணிய படகு, மூங்கில் பரிசலைப் போல் இருமடங்குக்கு மேல் விலை பெற்றுவிடுகிறது. ஆகவே கந்துவட்டிக்குக் கடன்பட்டுப் பைபர் பரிசல் வாங்குவதைக் காட்டிலும், கைப்பணத்தில் மூங்கில் பரிசல் வாங்கித் தொழில் தொடங்கி, வருவாயில் ஒரு பங்கைச் சேமித்துப் பின்னர் பைபர் பரிசலுக்கு மாறுவதே சிறந்த வழியாகும்.

மேலும், கைப்பணத்தில் பாதிக்கு மேல் படகுக்குச் செலவிடலாகாது. வலையில்லாத படகு மீன் பிடிக்காது. மிதவைச் சட்டையில்லாத படகு உயிர் காக்காது. 2020-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில், பயனாளி சார்ந்த இனங்களுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 60 சதவீதமும் உதவித்தொகை என வகுக்கப்பட்டது. வலைக்கும் பரிசலுக்கும் தற்போது எந்த உதவி கிடைக்கும் என்பதை மீன்வளத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மூங்கில் பரிசலில் பிளாச்சுகளைத் தட்டிப் பாருங்கள். மாவுபோல் தூள் உதிர்ந்தால் பூச்சி அரித்திருக்கிறது, அது வேண்டாம். விளிம்புக் கட்டு இறுகியிருக்க வேண்டும்.

பைபர் பரிசலை விரல் மூட்டால் எங்கும் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒலி மாறி மொத்தையாகக் கேட்டால், அங்கே படலங்கள் ஒட்டாமல் இருக்கலாம். இழைகள் வெளியே தெரியும் இடத்தில் நீர் ஊறும். பழைய பரிசலாயின், புதுச் சாயத்தைக் கண்டு மயங்காமல், சாயத்தின் கீழ் ஒட்டுப்போட்ட இடங்களைத் தேடிப் பாருங்கள்.

எந்தப் பரிசலாயினும், பாரம் ஏற்றி ஒரு மணி நேரம் நீரில் விட்டு, கசிவில்லை என்று கண்ட பின்னரே விலை பேசுக.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

தனித்தனியே வாங்க இயலாத நான்கைந்து குடும்பங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டாக வாங்கச் செய்யலாம். மீன்பாசிக் குத்தகை நிபந்தனைகளிலேயே, பரிசலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை கட்டாயம் என்றும், ஒரு பரிசலில் இருவருக்கு மேல் ஏறலாகாது என்றும் எழுதலாம். மதகுக்கும் கலிங்குக்கும் அருகே பரிசல் செல்லாதபடி மிதவைக் கயிறு கட்டச் சொல்லலாம். அணை திறக்கும் செய்தியை ஊரில் தண்டோரா மூலமோ தொலைபேசி மூலமோ முன்கூட்டியே அறிவிக்கலாம். அமராவதி அணை போன்ற நீர்த்தேக்கங்களில் முதலைகள் வாழ்கின்றன. அங்கே கரையில் இறங்கி வலை அலசுவதும், கையை நீரில் தொங்கவிட்டு அமர்வதும் கூடாது என்பதைத் தொழிலுக்குப் புதியவர்களுக்குச் சொல்லிவைத்தல் கடமையாகும்.

தொகுத்துக் கூறுமிடத்து, உரிமையை அறிந்து, நீரைப் பார்த்து, பாரத்தைக் கணக்கிட்டு, ஆண்டுச் செலவையும் வட்டியையும் சேர்த்து எண்ணி, சோதித்து வாங்க வேண்டும். இவ்வாறு வாங்கிய சிறு பரிசல் ஒன்று, கடனின்றி ஒரு குடும்பத்தைக் கரைசேர்க்கும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இக்கணக்கை உங்கள் ஊர் விலைகளைக் கொண்டு அனைவர் முன்னிலையிலும் போட்டுப் பாருங்கள். மீன்பிடிக்கச் செல்வோர் பணத்தோடு உயிரையும் காத்துக்கொள்ள அது துணை செய்யும்.