மயக்க ஊசி போடுமுன் நாம் செய்ய வேண்டியது



நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஒரு குழு தோட்டத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "வெறும் வயிற்றோடு கொண்டு வாருங்கள்" என்று முதல் நாளே சொல்லியாயிற்று. ஆனால் வீட்டு அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், ஊசி குத்தப் போறாங்க, ஒரு வாய் திங்கட்டும்" என்று விடியற்காலையில் பழஞ்சோறு போட்டுவிடுகிறார். டொக்டர் கேட்டால், "ஒன்னும் குடுக்கலீங்க ஐயா" என்கிறார். அந்த ஒரு வாய்ச் சோறு நாயின் உயிரையே வாங்கிவிடக்கூடும். ஏன் என்பதுதான் இந்தப் பாடம்.

மிருக வைத்தியர் போடும் ஊசிகளில் மூன்றை அறிந்துகொள்வோம்.

1. லிக்னொகெயின்: இது விறைப்பு ஊசி. பல் பிடுங்கும்போது நமக்குப் போடுவதும் இதுதான். போட்ட இடம் மட்டும் விறைக்கும். மிருகம் விழித்தே இருக்கும்.

2. சைலசின்: மிருகத்தை அமைதிப்படுத்தித் தசைகளைத் தளர்த்தும். 1962இல் ஜெர்மனியில் உருவானது.

3. கெட்டமின்: முழு மயக்கம் தருவது. இதுவும் 1962இல், அமெரிக்காவில் உருவானது. மனிதருக்கும் பயன்படுகிறது.

நாய்க்குச் சைலசினையும் கெட்டமினையும் சேர்த்துப் போடுவது வழக்கம். சைலசின் வாந்தி வரச் செய்யும். மயங்கிய நாயால் வாந்தியை விழுங்கவோ இருமித் தள்ளவோ முடியாது. சோறு மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ஆகவே வளர்ந்த நாய்க்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்துங்கள். குட்டியை அதிக நேரம் பட்டினி போடக் கூடாது, டொக்டரிடம் கேளுங்கள். தவறிப்போய்ச் சோறு போட்டுவிட்டால் மறைக்காதீர்கள். ஏச்சு வாங்கினாலும் நாய் பிழைக்கும்.

மாட்டின் கதை வேறு. மாட்டைப் படுக்க வைத்து மயக்கினால் ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பி, மூச்சு முட்டும். அதனால் கன்றை வயிறு கிழித்து எடுப்பதைக்கூட, பெரும்பாலும் மாட்டை நிற்க வைத்து, விலாப்பக்கம் விறைப்பு ஊசி போட்டே செய்கிறார்கள். சைலசின் மாட்டைச் சட்டென்று பிடிக்கும். குதிரைக்குப் போடும் அளவில் பத்தில் ஒரு பங்கே போதும். நிறைமாதச் சினை மாட்டுக்கு அது கன்றை விழச் செய்யலாம். எனவே சினையா, எத்தனை மாதம், எப்போது தீனி தின்றது என்பதைக் கேட்குமுன் சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பின் எத்தனை நாள் பால் விற்கக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மிரண்ட மிருகத்துக்கு ஊசி சரியாகப் பிடிக்காது. கூட்டம் கூடிச் சத்தம் போட்டால், சரியான அளவு மருந்தும் பலிக்காமல் போகலாம். இது சிறுத்தைக்கும் பொருந்தும். 2020 மே மாதம் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் கழுத்து மாட்டித் தவித்தது. மயக்கி மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் இறந்தது. கம்பி செய்த காயத்தை எந்த ஊசியாலும் ஆற்ற முடியாது. பன்றிக்கென்று கண்ணி வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அப்படி ஒரு மிருகத்தைக் கண்டால் எட்ட நில்லுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.

ஊசி போட்ட பிறகு நாய் கண்ணைத் திறந்தபடியே கிடக்கும். "ஐயோ, செத்துப் போச்சே" என்று பதற வேண்டாம். கெட்டமின் போட்டால் கண் மூடாது. மயங்கிய உடம்பு தன் சூட்டைக் காக்காது. நம் மலைக் குளிருக்குச் சாக்கால் போர்த்தி, அடுப்புக்கும் கானுக்கும் தூரமாக, அமைதியான இடத்தில் கிடத்துங்கள். எழுந்து தடுமாறாமல் நடக்கும்வரை தண்ணீர்கூட வாயில் ஊற்றாதீர்கள்.

கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்தார் அரசாங்க மிருக வைத்தியரை நாடலாம். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் வைத்தியசாலை உண்டு. தெரிந்தவர் எவரோ வைத்திருக்கும் ஊசியை மட்டும் நம்பாதீர்கள்.

அளவு பார்த்து மருந்து போடுவது டொக்டர் வேலை. உண்மையைச் சொல்வது நம் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் வாயில்லா ஜீவன் வீடு திரும்பும்.