குடியிருக்கும் மனைக்கு ஒரு காகிதம்

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரையேறியபோது, முத்துப்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் தென்னையும் கூரையும் ஒரே இரவில் போயின. தார்ப்பாய் வந்தது, அரிசி வந்தது. கான்கிரீட் வீடு என்ற பேச்சு வந்தபோதுதான் பல குடும்பங்கள் வரிசையை விட்டு விலக வேண்டியிருந்தது. வீட்டுத் திட்டம் எதுவானாலும் முதல் கேள்வி “பட்டா இருக்கா?” என்பதுதான். 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. அதற்கும் சொந்த மனை வேண்டும்.

வயிறெரிய வைக்கும் சங்கதி என்னவென்றால், பண்ணை நிலத்தில் தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்களில் பலருக்கு அந்த மனை சட்டப்படி எப்போதோ சொந்தமாகிவிட்டது. அவர்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கீழத்தஞ்சையில் குடிசை என்பது கூலியோடு கட்டப்பட்டிருந்தது. மிராசுதார் நிலத்தில் குடிசை, அவர் வயலில் வேலை. கூலி கூடக் கேட்டால் மனையைக் காலி செய்யச் சொல்வார்கள். 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கூலிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பின் வந்ததுதான் 1971-ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமைச் சட்டம். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் வாடகைக்கோ, நிலக்காரர் அனுமதியின் பேரிலோ குடியிருந்த விவசாயியும் விவசாயக் கூலியும் அந்த மனைக்கு உரிமையாளர் என்றது அது. டெல்டாவின் ஏழைகளுக்காக இயற்றப்பட்ட சட்டங்களில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியாது.

அந்த உரிமையை மெய்ப்பிப்பதுதான் பாடு. ஜாம்புவானோடைப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் மனு எழுத வந்தபோது சொன்னது இது: “தம்பி, எங்க மாமனாரு அந்தப் பண்ணையில வேலை பார்த்தாரு. அவரு கூரை போட்ட எடந்தான் இது. காயிதம்னு ஒண்ணும் கெடையாது.” சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் கவர் ஒன்றைப் பாயில் கவிழ்த்தார். ஒரு பல்பு குடிசை சர்வீஸுக்கான மின்சார அட்டை, ஓரம் நைந்த ரேஷன் கார்டு, மூத்த மகனின் பள்ளி டி.சி., மாமனார் பெயரிலேயே இருந்த வீட்டு வரி ரசீதுகள். ஒவ்வொன்றிலும் அதே தெரு, அதே கதவு எண். காகிதமே இல்லை என்றவர் கையில் ஒரு மனுவுக்கு வேண்டிய ஆதாரமெல்லாம் இருந்தது. தேதி வாரியாக அடுக்கிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. பழைய வாக்காளர் பட்டியலின் நகலும் சேர்ந்தால் மனு இன்னும் வலுவாகும்.

இந்த வேலையில் கூட நின்றவன் என்ற முறையில் முதலில் சொல்வது: எந்தச் சட்டத்தைப் பேசுவதற்கு முன்பும் மனையின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பார்த்தால் அது பட்டா நிலமா, நத்தமா, கோயில் நிலமா, வாய்க்கால் புறம்போக்கா என்பது தெரிந்துவிடும். வகை மாறினால் சட்டமும் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய உத்தரவு உங்கள் மனைக்குப் பொருந்தாமல் போகலாம்.

கோயில் மனையில் இருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் டெல்டாவின் பங்கு பெரிது. அடிமனை வாடகை ரசீது தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா போய்ச் சேர்ந்திருப்பார், பேரன் அதே பெயரில் பணம் கட்டிக்கொண்டிருப்பான். பெயர் மாற்றம் செய்யாமல், குத்தகைக் காலமும் முடிந்துபோனால், அறநிலையத் துறைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி அவன் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவான். வாடகை கட்டியவனுக்கு இந்தப் பெயர் வருவது பெரிய கொடுமை. வாரிசுச் சான்றிதழோடு செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். நியாய வாடகை என்று திடீரென்று பெரிய தொகை வந்தால் 34-ஏ பிரிவின் கீழ் ஆணையரிடம் மேல்முறையீடு உண்டு. அதற்குக் கெடு இருப்பதால், “பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடக் கூடாது.

புறம்போக்கில் இருப்பவருக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7-ஆம் பிரிவு நோட்டீஸ் வரும். அதில் காலி செய்யச் சொல்லியிருப்பதாகப் பலர் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் அது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். பதில் கொடுத்தால், அதைப் பரிசீலித்த பிறகுதான் 6-ஆம் பிரிவில் உத்தரவு போட முடியும். அந்த உத்தரவை எதிர்த்தும் மேல்முறையீடு செய்யலாம். பதிலே கொடுக்காத குடும்பத்துக்காக நீதிமன்றத்தில் வாதாட ரொம்பக் கொஞ்சம்தான் மிஞ்சும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் இருப்பவர்களுக்கு அதே இடத்தில் பட்டா வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் இளகுவதில்லை. அங்கே கேட்க வேண்டியது மாற்று இடம். 1985-இல் மும்பை நடைபாதைவாசிகளுக்காக நடந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் வெளியேற்றத்தை முழுதாகத் தடுக்கவில்லை. 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது. அங்கேயும் கையில் அட்டை இருந்தவருக்குத்தான் பிடி கிடைத்தது.

டவுனில் வாடகைக்கு இருப்பவர்கள் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. வாடகைத் தகராறுக்காக வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது என்கிறது.

மனை கிடைக்கும்போது அது யார் பெயரில் பதிவாகிறது என்பதும் முக்கியம். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் கணவர் ஜெகந்நாதனும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, இதே வட்டாரத்தில் நிலத்தை விலைக்கு வாங்கி நிலமற்ற தலித் குடும்பங்களுக்குக் கொடுத்தபோது பத்திரத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தது. குடியும் கடனும் புகுந்த வீட்டில் மனை கைமாறிப் போகாமல் காக்க அது உதவும். அரசிடம் பட்டா கேட்கும் மனுவிலும் மனைவி பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். முத்துப்பேட்டைக்காரர்கள் திருவாரூர் மாவட்ட ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். போகும்போது நோட்டீஸின் அசலையும் அது வந்த உறையையும் எடுத்துச் செல்லுங்கள். உறையின் மேல் உள்ள தபால் முத்திரைத் தேதியை வைத்துத்தான் கெடு தாண்டிவிட்டதா என்பதை வழக்கறிஞர் கணக்கிடுவார்.