கூம்பு விழிக்கு ஒரு வளையம்

"வருசா வருசம் கண்ணாடி மாத்துறோம். ஆனாலும் புள்ளைக்குக் கரும்பலகை எழுத்துத் தெளிவா தெரியலையே!" என்று கவலைப்படும் தாய்மார் உண்டு. படிக்கக் கள்ளம் என்று பிள்ளையை ஏசுவோரும் உண்டு. ஏசுமுன் கண்ணைக் காட்டுங்கள். அது கூம்பு விழி நோயாக இருக்கலாம். டாக்டர்மார் இதைக் கெரட்டோகோனஸ் என்பார்கள்.

இது என்ன நோய்?

மணிக்கூட்டுக்கு முன்னால் கண்ணாடி இருப்பது போல, கண்ணுக்கு முன்னால் விழிவெண்படலம் இருக்கிறது. நடுவில் அதன் தடிப்பு சுமார் அரை மில்லிமீற்றர்தான். இந்த நோயில் அது மெலிந்து, கூம்பு போல முன்னே தள்ளும். எழுத்து நிழல் விழுந்து இரட்டையாகத் தெரியும். இரவில் விளக்கு வெளிச்சம் சிதறும். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். கண்ணை அடிக்கடி கசக்கினால் நோய் கூடும்.

வளையம் என்ன செய்கிறது?

ஆரம்பத்தில் சாதாரண கண்ணாடி போதும். பிறகு கண்ணின் மேல் வைக்கும் கெட்டியான கொன்டக்ட் லென்ஸ் உதவும். அதைப் போட முடியாத சிலருக்கு வளையம் வைக்கலாம். கூடையின் வாய் வளையம் கூடையின் வடிவத்தைப் பிடித்து வைப்பது போல, பிறை வடிவான சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் படலத்தின் ஓரத்தில் இருந்து நடுக் கூம்பைத் தட்டையாக்கும். 1997இல் பிரான்சில் ஜோசப் கோலின் என்ற கண் வைத்தியர் இந்த நோய்க்கு இதைப் பயன்படுத்தினார். 2004இல் அமெரிக்காவும் அனுமதித்தது.

முன்பு வளையம் போகும் பாதையைக் கைக்கருவியால் வெட்டினார்கள். இப்போது லேசர் கதிர், குறித்த ஆழத்தில் சில விநாடிகளில் அந்தப் பாதையைப் போடுகிறது. கண்ணை மரக்கச் செய்ய மருந்துத் துளி விடுவார்கள். வளையம் ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துவிடலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்

வளையம் பார்வையைத் திருத்தும், நோயை நிறுத்தாது. பிறகும் கண்ணாடி தேவைப்படலாம். நோய் கூடாமல் நிறுத்த, விற்றமின் பி2 துளி விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டும் வேறொரு சிகிச்சை உண்டு. படலம் மிகவும் மெலிந்தாலோ, நடுவில் தழும்பு விழுந்தாலோ வளையம் வைக்க முடியாது. அப்போது இறந்தவர் தானம் செய்த படலத்தை மாற்றிப் பொருத்துவதுதான் வழி. ஆகவே முந்திப் போனவருக்கே வழிகள் அதிகம்.

நாம் செய்ய வேண்டியவை

1. பிள்ளைகளைக் கண் கசக்க விடாதீர்கள். அரித்தால் டிஸ்பென்சரியில் காட்டி மருந்து எடுங்கள்.

2. கண்ணாடி நம்பர் அடிக்கடி மாறினால், தோட்ட வைத்திய உதவியாளரிடம் கடிதம் வாங்கி ஆஸ்பத்திரி கண் கிளினிக்குக்குப் போங்கள்.

3. "கூம்பு விழியா என்று பாருங்க ஐயா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். படலத்தின் வடிவத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு. அது வலிக்காது.

4. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களையும் காட்டுங்கள்.

ஒரு நாள் பேர் போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள். போன பேரை அடுத்த மாதம் பிடிக்கலாம். மெலிந்த படலம் திரும்பத் தடிக்காது.