பதினாலு ஊசி என்ற பழைய பயம்

அன்புள்ள தேவிக்கு,

பக்கத்து வீட்டு அண்ணனைத் தெருநாய் கடித்ததையும், "தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள்" என்று பயந்து அவர் பச்சிலை கட்டிக்கொண்டு சிப்காட் வேலைக்குப் போவதையும் எழுதியிருந்தாய். முதலில் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போ. மிச்சக் கடிதத்தைப் பிறகு படிக்கலாம்.

அந்த 14 ஊசி கட்டுக்கதை அல்ல. குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஓரிடத்தில் நின்றுவிடுவேன். 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்தாள். அன்றைக்கு இதற்கான சிகிச்சை நிலையம் இருந்தது இமயமலை அடிவாரத்துக் கசௌலியில்தான். தெற்கிலிருந்து அங்கே போய்ச் சேரவே நாட்கள் ஆகும். அந்த மரணத்துக்குப் பிறகுதான் ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் கொடையில் 1907-இல் குன்னூர் நிலையம் எழுந்தது. 1911-இல் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய மருந்துதான் அந்த 14 ஊசி; அதை நம் நாட்டில் ஆட்டு மூளையிலிருந்து எடுத்தார்கள். அளவு அதிகம் என்பதால் வயிற்றில் நாள்தோறும் போட்டார்கள். வலித்தது, வீங்கியது, சிலருக்கு நரம்பு பாதித்து முடக்கமே வந்தது. பாட்டிகள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த மருந்தை நாடு 2005-க்குள் கைவிட்டுவிட்டது. மருந்து போய்விட்டது, பயம் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. இன்றைக்கும் பலரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுப்பது அந்தப் பயம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது போடுவது மேற்கையில், தோலுக்குள், 0.1 மில்லி. கொசு கடித்த தடிப்பு மாதிரிச் சின்னதாக எழும்பும், அவ்வளவுதான். இரு கைகளிலும் ஒவ்வொன்றாக, ஊசி தொடங்கும் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும். அரசு நிலையங்களில் இலவசம்.

"நாய் நன்றாகத்தானே திரிகிறது?" என்று அந்த அண்ணன் வாதாடுவார். விடாதே! நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். நாயைப் பத்து நாள் கவனிக்கலாம், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். கிருமி இரத்தத்தில் ஓடுவதில்லை. கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அது போய்ச் சேரும் முன் உடம்பில் எதிர்ப்பு உண்டாக வேண்டும். முகத்திலும் விரலிலும் பட்ட கடி கூடுதல் ஆபத்து. தோலைத் துளைத்த கடியென்றால், தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காப்பாற்ற, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தைக் கடிவாயிலேயே செலுத்துவார்கள். நோய்க்குறி தென்பட்ட பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது.

கடித்த உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. புண்ணை ரணமாக்குவதைத் தவிர அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. மந்திரிப்பதும் அப்படித்தான். போன பொழுது திரும்பாது.

நாய்களைப் பிடித்து எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் விட்டுவிடலாம் என்கிறார்களாமே உங்கள் பக்கம்? அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள். இறைச்சிக் கழிவு சாலையோரம் கிடக்கும்வரை, போன நாயின் இடத்துக்கு ஊசி போடாத வேறொரு நாய் வரும். நூற்றில் 70 நாய்க்காவது ஆண்டுதோறும் ஊசி போட்டால் நோய் பரவ வழியில்லாமல் அற்றுப்போகும். கோவா மாநிலம் வீதிவீதியாக அப்படிப் போட்டுத்தான் 2021-இல் தன்னை ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கட்டுப்பட்ட பகுதியாக அறிவித்தது. உங்கள் ஊரான உத்தனப்பள்ளியிலும் முடியும். கால்நடை மருந்தகத்தாரையும் ஊராட்சியையும் கேளுங்கள்.

அந்த அண்ணனின் ஊசிச் சீட்டை நீயே வாங்கி வைத்துக்கொள். மூன்றாவது தவணையோடு புண் ஆறிவிடும், ஷிப்ட் மாறும், 28-ஆம் நாள் மறந்துபோகும். அன்றைக்கு நீ அவரை நினைவுபடுத்தி அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உன் விலங்கியல் ஐயா