மார்கழிக் குளிரில் கொடுவா

கேள்வி: பழவேற்காட்டில் குளம் வெட்டி கொடுவா வளர்க்கிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து சரியாக இரை எடுப்பதில்லை. குளிரில் செத்துவிடுமா?

பதில்: பயப்படாதீர்கள். கொடுவாவுக்கு 26 முதல் 32 டிகிரி வரை உள்ள தண்ணீர்தான் பிடிக்கும். அதற்குக் கீழே இறங்கினால் செரிமானம் மந்தமாகி, பசி குறையும். நம் ஊர்க் குளிர் அதைக் கொல்லாது. மிச்சமாகும் இரைதான் கொல்லும். இரையாகப் போட்ட கழிவு மீன் அடியில் அழுகி, பிராணவாயுவைத் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அறிகுறி. உடனே ஏரேட்டரைப் போடுங்கள்.

இரையைப் பாதியாக்கி, வெயில் ஏறிய பிறகு, நண்பகலில் கொடுங்கள். குளத்தில் ஐந்தடித் தண்ணீராவது நிற்கட்டும். ஆழம் இருந்தால் இரவில் சட்டென்று குளிராது. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே தனியாக நிற்கும். அந்த மேல்தண்ணீரை மதகு வழியே வடித்துவிடுங்கள். குளிர் நாட்களில் வலை இழுத்து மீனைக் கலைக்கவே வேண்டாம். காயம் ஆற நாளாகும், நோய் தொற்றிக்கொள்ளும்.

1997-இல் கொடுவாக் குஞ்சுப் பொரிப்பு நுட்பத்தை உருவாக்கிய சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்) சென்னையில்தான் இருக்கிறது. இவ்வளவு செய்தும் சரியாகாவிட்டால், குளத்துத் தண்ணீரையும் ஒரு மீனையும் அங்கே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.