முடக்குவாதம்: கிழமைக்கு ஒரு நாள் குளிசை

காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது விரல் மடங்காமல் கஷ்டப்படும் அக்காமார் பலர் உண்டு. "கொழுந்து எடுத்த அசதி" என்று விட்டுவிடுகிறோம். அசதி என்றால் ஓய்வில் குறையும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு இருந்து, இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, ஆறு கிழமை தாண்டினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே நம் மூட்டைத் தாக்குவதுதான் இந்த வியாதி. குளிரால் வந்ததல்ல.

வலிக் குளிசை வலியைத்தான் குறைக்கும். மூட்டு கெடுவதை நிறுத்தாது. அதற்குக் கிளினிக்கில் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் கொடுப்பார்கள். அது கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே! சுகம் சீக்கிரம் வரட்டும் என்று தினமும் போட்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. கலண்டரில் அந்த நாளுக்கு வட்டம் போடுங்க. போலிக் அமிலக் குளிசை வேறு நாளில். சில வேளை இரண்டுமே மஞ்சளாக இருக்கும், வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டிப் பிரித்து வைங்க.

குணம் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை செல்லும். பிள்ளை பெற நினைப்பவர்கள் முதலிலேயே டொக்டரிடம் சொல்லணும். கர்ப்பத்தில் இது கூடாது. சாராயம், கசிப்பு சேர்ந்தால் ஈரல் கெடும். ஒரு நாள் பேர் போகுதே என்று இரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவது நியாயமான கவலைதான், ஆனால் ஈரல் கெடுவது வெளியே தெரியாது.

வாய்ப்புண், காய்ச்சல், விடாத வறட்டு இருமல் வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல், குளிசையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.