மின்விசிறி மாட்டினால் பிக்கப்பின் சூடு தணியுமா?

சுங்கை சிப்புட், கோலகங்சார் சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பால் லோரி ஓடிய செம்மண் சடக்கில் இப்போது பிக்கப் ஓடுகிறது. உரமூட்டை ஏற்றுவதும் அதில்தான். பழக்குலை ஏற்றுவதும் அதில்தான். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறிக் காய்கறி கொண்டுவருவதும் அதே வண்டிதான். அந்த வண்டியின் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் அன்றைய வருமானம் மட்டும் போவதில்லை. சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, பழுதுபார்க்கும் செலவு பல மாத வருமானத்தை விழுங்கிவிடும்.

இப்படிச் சூடேறும் வண்டிக்குப் பலரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: “இஞ்சினோடு வந்த விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி போடுங்கள்.” சில வண்டிகளுக்கு இது நல்ல தீர்வு. சில வண்டிகளுக்கு இது வீண் செலவு. சுமையோடு மலையேறும் சில வண்டிகளை இது மேலும் கெடுக்கவும் கூடும். உங்கள் வண்டி இந்த மூன்றில் எது என்பதை நான்காம் படிவ இயற்பியலில் வரும் வெப்பப் பாடத்தைக் கொண்டே முடிவு செய்யலாம்.

எவ்வளவு வெப்பம்?

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. சுமையோடு கடும் ஏற்றத்தில் போகும் பிக்கப் மணிக்கு 12 லிட்டர் டீசல் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 120 கிலோவாட் ஆகும். இதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே சக்கரத்தை உருட்டப் பயன்படுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. ஏறத்தாழ கால் பங்கு, அதாவது 30 கிலோவாட், குளிர்விக்கும் நீரில் சேர்கிறது. வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் 2 கிலோவாட் மின்கெண்டிகள் பதினைந்தை ஒரே நேரத்தில் போட்டால் வரும் வெப்பம் இது.

அதே வண்டி நெரிசலில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு ஒரு லிட்டர் அளவே எரிக்கும். அப்போது நீரில் சேரும் வெப்பம் 3 கிலோவாட் போலத்தான் இருக்கும். ஒன்றுக்குப் பத்து! இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீரின் தன்வெப்பம் (பள்ளியில் ‘முவாத்தான் ஹபா தெந்து’ என்று படிப்பீர்கள்) மிக அதிகம். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4,200 ஜூல் தேவை. ஆகவே நொடிக்கு ஒரு கிலோ நீர் ஓடினால், 30 கிலோவாட் வெப்பம் அதன் வெப்பநிலையை 7 டிகிரிதான் உயர்த்தும். நீர் வெப்பத்தைச் சுமந்து போகும் கூலியாள் மாதிரி. அந்தச் சுமையை ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. அங்கிருந்து அதை வெளியே கொண்டு போவது காற்று.

விசிறிக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: காற்றை ரேடியேட்டர் வழியே இழுப்பது. நீர் ஓடவில்லை என்றாலும், ரேடியேட்டர் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தாலும் விசிறியால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு வகை விசிறிகள்

டொயோட்டா ஹைலக்ஸ், இசுசூ டி-மேக்ஸ் போன்ற டீசல் பிக்கப்களில் பல இஞ்சினே சுழற்றும் விசிறியோடு வந்தவை. விசிறிக்கும் அதைச் சுழற்றும் தண்டுக்கும் நடுவே ஃபேன் கிளட்ச் இருக்கும். அதனுள்ளே கெட்டியான சிலிக்கான் எண்ணெய். முன்புறம் இரட்டை உலோகப் பட்டை ஒன்று. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தப் பட்டை வளைந்து எண்ணெய்க்கு வழி திறக்கும். விசிறி இறுகிப் பிடித்து வேகமாகச் சுழலும். காற்று குளிர்ந்தால் பிடி தளரும்.

தளர்வதற்குக் காரணம் இருக்கிறது. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுழற்றத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். வேண்டாத நேரத்திலும் முழு வேகத்தில் சுழன்றால் டீசல்தான் வீணாகும்.

இந்த விசிறியின் குறை, இஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் மெதுவாகவே சுழலும் என்பது. நெரிசலில் காற்று தேவைப்படும்போது போதிய காற்று கிடைக்காது. மின்விசிறிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் அது தன் முழு வேகத்தில் சுழலும்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். சிறிய கியரில் மலையேறும்போது இஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. கிளட்ச் நன்றாக இருந்தால் பழைய விசிறி அப்போதுதான் அதிகக் காற்றை இழுக்கும். 30 கிலோவாட் வெப்பம் வருவதும் அப்போதுதான். சிறிய மின்விசிறி ஒன்று அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று எண்ணுவது தவறு.

எப்போது சூடேறுகிறது?

ஆகவே பணம் செலவழிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த விசிறி?’ என்பதல்ல, ‘எப்போது சூடேறுகிறது?’ என்பதுதான்.

முதல் வகை: நெரிசலிலோ, ஏர்கோன் போட்டு நிற்கும்போதோ சூடேறுகிறது, ஓடத் தொடங்கினால் தணிகிறது. இது காற்றுக் குறை. இங்கே மின்விசிறி உதவும். ஆனாலும் முதலில் ஃபேன் கிளட்சைச் சோதியுங்கள். இஞ்சினை அணைத்துவிட்டு, சூடு இருக்கும்போதே விசிறியைக் கையால் தள்ளிப் பாருங்கள். எதிர்ப்புக் காட்ட வேண்டும். தடையின்றிப் பல சுற்றுச் சுற்றினால் உள்ளே எண்ணெய் கசிந்து போயிருக்கலாம். அப்படியானால் கிளட்சை மாற்றினாலே போதும்.

இரண்டாவது வகை: நெரிசலில் நன்றாக இருக்கிறது, நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் சூடேறுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் பாய்கிறது. விசிறிக்கு அங்கே வேலையே இல்லை. நீர் ஓட்டத்தையும் ரேடியேட்டரையும் பாருங்கள். வெளிப்புறத் தகடுகளில் செம்மண் தூசியும் லாலாங் புல்லின் பஞ்சும் அடைத்திருக்கலாம். இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவினால் போகும். உட்புறத்தில் உப்புப் படிந்திருக்கலாம். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் ஊற்று நீரில் கால்சியம் கரைந்திருக்கும். அதை ஊற்றி ஓட்டினால், சூட்டில் அது பிரிந்து குழாய்ச் சுவரில் வெள்ளையாகப் படியும். படிந்த படலம் வெப்பத்தைக் கடத்தாது. காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கேட்பது இதனால்தான்.

ரப்பர் குழாய்களையும் அழுத்திப் பாருங்கள். நம் தாத்தா பாட்டி வெட்டிய பால் மரத்து ரப்பர் அல்ல இது; சூட்டைத் தாங்கும் ஈபிடிஎம் எனும் செயற்கை ரப்பர். என்றாலும் வயதானால் இதுவும் வெடிக்கும், அல்லது உப்பி மென்மையாகிவிடும்.

மூன்றாவது வகை: சுமையோடு மலையேறும்போது மட்டும் சூடேறுகிறது. இங்கே காற்று, நீர், ரேடியேட்டரின் அளவு மூன்றும் எல்லையில் நிற்கின்றன. கிளட்ச், ரேடியேட்டர், சுமையின் அளவு என்ற வரிசையில் பாருங்கள். மின்விசிறி கடைசியில்தான்.

காற்றின் கணக்கு

பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி மின்விசிறி வாங்கலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,000 ஜூல் போதும். ரேடியேட்டரைத் தாண்டும் காற்று 30 டிகிரி சூடேறுகிறது என்றால், 30 கிலோவாட்டை அள்ளிச் செல்ல நொடிக்கு ஒரு கிலோ காற்று வேண்டும். கன அளவில் இது 0.87 கன மீட்டர். கடைக்காரர் சொல்லும் கணக்கில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 கன அடி.

மின்விசிறிப் பெட்டியில் 2,000 என்று போட்டிருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் அளந்த எண். ஏர்கோன் கண்டென்சரும் ரேடியேட்டரும் முன்னால் நின்றால் காற்று வெகுவாகக் குறையும்.

விசிறியின் உறையும் முக்கியம். 60-க்கு 40 சென்டிமீட்டர் ரேடியேட்டரின் பரப்பு 2,400 சதுர சென்டிமீட்டர். 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள விசிறியை நேரே ஒட்டி மாட்டினால் அது மூடும் பரப்பு 962 மட்டுமே. மீதி 60 விழுக்காட்டில் காற்று இழுபடாது. முழுப் பரப்பையும் மூடும் உறை இருந்தால்தான் எல்லாப் பக்கமும் காற்று வரும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது காற்று வெளியேற அந்த உறையில் ரப்பர் மடிப்புக் கதவுகள் இருப்பது நல்லது.

மாட்டுவதென்றால்

300 வாட் மின்விசிறி 13.5 வோல்ட்டில் 22 ஆம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம். பேட்டரியிலிருந்து போய்வரும் கம்பியின் நீளம் 4 மீட்டர் என்றால், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஒரு வோல்ட் வீணாகும், கம்பியும் சூடேறும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் வீணாவது 0.4 வோல்ட்தான். விசிறியைச் சாதாரணச் சுவிட்சில் நேரே இணைக்காதீர்கள். ரிலே வேண்டும், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். இரண்டு விசிறி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. ஆல்டர்னேட்டர் இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

வெப்பச் சுவிட்சின் அளவை தெர்மோஸ்டாட்டைப் பார்த்து வைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறந்தால், விசிறி 95-இல் ஓடத் தொடங்கி 88-இல் நிற்கலாம். சுவிட்சை 80-இல் வைத்தால் விசிறி ஓயாமல் ஓடும். தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போடுவதும் தீர்வல்ல. இஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் தேய்மானமும் டீசல் செலவும் கூடும்.

வேலை முடிந்ததும், வண்டி நிற்கும்போது முன் கிரிலில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். தாள் உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே பறந்தால் விசிறி தலைகீழாகச் சுழல்கிறது.

கைக்கும் முகத்துக்கும் காவல்

இஞ்சின் அணைந்த பிறகும் மின்விசிறி திடீரென்று ஓடலாம். கை வைக்கும் முன் அதன் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழும். கொதிநிலை 100-க்கு இறங்கும். நீர் ஒரு கணத்தில் கொதித்து முகத்தில் பாயும். ஓரமாக நிறுத்தி, இஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் பிக்கப் இருந்தால் இந்த வாரம் ஒரு வேலை செய்யலாம். அப்பா ஓட்டும்போது பக்கத்தில் அமர்ந்து ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: நேரம், வேகம், சுமை, வெப்பமுள் நிற்கும் இடம். நெரிசல், நெடுஞ்சாலை, ஏற்றம் என மூன்று இடங்களிலும் குறியுங்கள். ஒரு வாரத்தில் அந்தப் பட்டியலே உங்கள் வண்டி எந்த வகை என்று சொல்லிவிடும். பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.